போட்டோவில் விழும் புள்ளிகள்: பயம் வேண்டாம், காரணம் அறிவோம்!



இன்று நம் குழு வேலைகளில் போட்டோ இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. கறவை மாட்டுக் கடன் வாங்கினால் மாட்டையும் காது வில்லையையும் போட்டோ எடுக்க வேண்டும். கண்காட்சிக்குப் பொருள் அனுப்பினால் அதற்கும் போட்டோ. வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு விழாக்களுக்குப் போட்டோ எடுத்துக் கொடுத்து வருமானம் பார்க்கும் குழுக்களும் உண்டு. டிஜிட்டல் கேமராவோ செல்போனோ, ஏதாவது ஒன்று நம் கையில் இருக்கிறது.

எடுத்த படத்தைப் பார்க்கும்போது சில நேரம் விநோதமான புள்ளிகள் தெரியும். வெள்ளை வெள்ளையாக வட்டம், பச்சை ஒளி, சாம்பல் நிறக் கறை, சிவப்புப் பொட்டு என்று பல விதம். உடனே இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "ஏதோ ஆவி வந்திருக்கு, பரிகாரம் பண்ணணும்" என்பார் ஒருவர். "கேமரா போச்சு, பெரிய செலவு வைக்கும்" என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சைக் கேட்டாலும் கரைவது நம் சேமிப்புப் பணம்தான்.

உண்மை என்னவென்றால், இந்தப் புள்ளிகளில் பெரும்பாலானவற்றை நாமே ஒரு காசு செலவில்லாமல் சரி செய்யலாம். ஆனால் ஒரே ஒரு வகைப் புள்ளியை மட்டும் ஒருபோதும் அலட்சியம் செய்யக் கூடாது. அது கேமராவில் வரும் கோளாறு அல்ல. குழந்தையின் கண் சம்பந்தப்பட்டது. அதைப் பற்றியும் இந்தக் கட்டுரையில் விளக்கமாகச் சொல்கிறோம். கடைசி வரை படியுங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

கேமராவுக்குள் என்ன நடக்கிறது?

மார்கழியில் நாம் வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறோம் அல்லவா? டிஜிட்டல் கேமராவும் அப்படித்தான் படம் போடுகிறது. லென்ஸ் வழியாக வரும் ஒளி, உள்ளே இருக்கும் சென்சார் என்ற சிறிய தகட்டில் விழும். அந்தத் தகடு முழுக்க வரிசை வரிசையாகக் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள். 12 மெகாபிக்சல் கேமரா என்றால் ஒரு வரிசையில் சுமார் 4000 புள்ளிகள், அப்படி 3000 வரிசைகள். மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் தன் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று கணக்குச் சொல்லும். எல்லாம் சேர்ந்ததுதான் நாம் பார்க்கும் போட்டோ.

1975-ல் அமெரிக்காவில் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் இருந்தவை வெறும் 10 ஆயிரம் புள்ளிகள்தான். இன்று செல்போனிலேயே கோடிக்கணக்கில் வந்துவிட்டன. அதனால் முன்பு கண்ணில் படாத தூசி கூட இப்போது தெளிவாகத் தெரிகிறது.

ஆக, ஒரு தேவையில்லாத புள்ளி நான்கு இடங்களில் பிறக்கலாம்:

1. லென்ஸுக்கு முன்னால் இருக்கும் காற்றில்
2. லென்ஸின் மேல்
3. கேமராவுக்குள்ளே
4. படத்தைப் பார்க்கும் திரையில்

எந்த இடம் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கடைக்குப் போகும் முன் ஐந்து சோதனைகள்

சோதனை 1: படத்தைத் திரையில் பெரிதாக்கி அப்படியும் இப்படியும் நகர்த்திப் பாருங்கள். படத்தோடு புள்ளியும் நகர்ந்தால் அது படத்தில் இருக்கிறது. படம் நகர்ந்தும் புள்ளி அதே இடத்தில் நின்றால் கோளாறு திரையில்தான். படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

சோதனை 2: அதே இடத்தை, அதே கோணத்தில் மூன்று முறை எடுங்கள். படத்துக்குப் படம் புள்ளி இடம் மாறினால், எண்ணிக்கை கூடிக் குறைந்தால், காரணம் காற்றில் இருக்கிறது. எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருந்தால் காரணம் கேமராவில் இருக்கிறது.

சோதனை 3: பிளாஷ் போடாமல் ஒரு படம் எடுங்கள். வெள்ளை வட்டங்கள் மறைந்துவிட்டால், பிளாஷ் வெளிச்சம் பட்ட தூசியோ ஈரமோதான் காரணம்.

சோதனை 4: பகலில் வெள்ளைச் சுவரை அல்லது மேகமில்லாத வானத்தை எடுங்கள். சூரியன் படத்தில் வரக் கூடாது. பிறகு லென்ஸைத் துடைத்து மறுபடி எடுங்கள். புள்ளி போய்விட்டால் அது லென்ஸ் மேல் இருந்த அழுக்கு. போகாவிட்டால் உள்ளே இருக்கிறது.

சோதனை 5: லென்ஸை மூடி, இருட்டில் ஒரு படம் எடுங்கள். கறுப்புப் படத்தில் சிவப்பு, நீலம், வெள்ளையாகப் பொட்டுப் பொட்டாக மின்னினால் அது சென்சார் புள்ளியில் உள்ள குறை.

இந்த ஐந்தையும் செய்ய 10 நிமிடம் போதும். இனி ஒவ்வொரு வகையாகப் பார்ப்போம். அதிகம் பயமுறுத்துவது முதல் வகைதான். அதனால் அதை விரிவாகவே சொல்கிறோம்.

இரவில் மிதக்கும் வெள்ளை வட்டங்கள்

கோயில் திருவிழா, துக்க வீடு, புதுமனை புகுவிழா. இப்படி இரவில் எடுத்த படங்களில் நிலா மாதிரி வட்டங்கள் மிதக்கும். சில வட்டம் பெரிது, சில சிறிது. நடுவில் மங்கலாக, ஓரத்தில் கோடு போட்ட மாதிரி இருக்கும். எடுக்கும்போது கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. அதனால்தான் சந்தேகம் வருகிறது.

பனி விழும் விடியற்காலையில் பால் ஊற்றப் போகும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சத்தில் பனித்துளிகள் பறப்பது தெரியும். டார்ச்சை அணைத்தால் ஒன்றும் தெரியாது. அதே கதைதான் இங்கேயும். காற்றில் எப்போதும் தூசி, மாவு, புகை, ஈரத்துளி, சின்னப் பூச்சி பறந்துகொண்டே இருக்கும். பிளாஷ் அடித்த நொடியில் லென்ஸுக்கு மிக அருகில் இருக்கும் தூசி அந்த வெளிச்சத்தை நேராக லென்ஸுக்கே திருப்பி அனுப்புகிறது. கேமரா தூரத்தில் நிற்கும் ஆளைத் தெளிவாகப் பிடிக்கப் பார்க்கிறது. அதனால் மூக்குக்கு முன்னால் இருக்கும் தூசி தெளிவில்லாமல் விரிந்து வட்டமாகப் பதிகிறது. ஒரு கடுகளவு கூட இல்லாத தூசி, படத்தில் தட்டு அளவுக்குத் தெரிவது இதனால்தான்.

"பழைய பிலிம் கேமராவில் இப்படி இவ்வளவு வந்ததில்லையே?" என்று பலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஸ்டுடியோக்காரர் வைத்திருந்த கேமராவில் பிளாஷ் லென்ஸை விட்டு எட்ட, உயரத்தில் இருந்தது. தூசி மேல் பட்ட வெளிச்சம் வேறு பக்கம் போய்விடும். சிறிய டிஜிட்டல் கேமராவிலும் செல்போனிலும் பிளாஷ் லென்ஸை ஒட்டியே இருக்கிறது. அதனால் தூசியின் பிரகாசமான பக்கம் நேராக லென்ஸைப் பார்க்கிறது.

அப்படியானால் கோயிலில் மட்டும் ஏன் அதிகம்? ஆயிரம் பேர் நடக்கும் இடத்தில் புழுதி கிளம்பும். சாம்பிராணிப் புகை, விபூதி, வேட்டுப் புகை எல்லாம் சேரும். இரவு என்பதால் எல்லோரும் பிளாஷ் போடுவோம். மாவு மில்லிலும் களத்து மேட்டிலும் இரவில் பிளாஷ் போட்டு எடுங்கள், அங்கேயும் வரும். சாமி மேல் நாம் வைத்திருக்கும் பக்தி வேறு, தூசி வேறு. இந்த வட்டத்தைக் காட்டி யாராவது பூஜைக்கும் தாயத்துக்கும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சந்தேகம் தீரவில்லையா? இரவில் ஒரு காலிச் சாக்கை உதறிவிட்டு, அந்தத் தூசியில் பிளாஷ் போட்டு எடுங்கள். பத்து ஆவி அல்ல, நூறு ஆவி வரும்!

தவிர்க்கும் வழிகள்:
• முடிந்தவரை பிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில் அல்லது நல்ல விளக்கு வெளிச்சத்தில் எடுங்கள்.
• பெருக்கியவுடன் படம் எடுக்காதீர்கள். தூசி அடங்கட்டும். முற்றத்தில் தண்ணீர் தெளித்தால் இன்னும் நல்லது.
• மழைத் தூறலிலும் பனியிலும் பிளாஷ் வேண்டாம்.
• தனி பிளாஷ் இருந்தால் லென்ஸை விட்டு எட்டப் பிடியுங்கள்.

விளக்குக்கு எதிரே தெரியும் பச்சை ஒளி

சூரியன், டியூப் லைட், குத்துவிளக்கு போன்ற பிரகாசமான ஒளி படத்துக்குள் அல்லது ஓரத்தில் இருந்தால், பச்சையாக அல்லது பல நிறத்தில் பொட்டுகள் வரும். விளக்கு படத்தின் இடது மேல் மூலையில் இருந்தால் பச்சைப் பொட்டு பெரும்பாலும் வலது கீழ் மூலைப் பக்கம் இருக்கும். லென்ஸ் என்பது ஒரே கண்ணாடி அல்ல, பல கண்ணாடிகளின் அடுக்கு. ஒளி அவற்றுக்குள் முட்டி மோதித் திரும்புவதால் வருவது இது. இரண்டு அடி நகர்ந்து நின்றாலே போதும். அல்லது வெயிலில் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்ப்பது போல, லென்ஸுக்கு மேல் கையால் நிழல் கொடுங்கள்; கை படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் முழுக்க மங்கல், விளக்கைச் சுற்றிக் கோடு

இது லென்ஸ் மேல் பட்ட எண்ணெய் விரல்தான், வேறொன்றுமில்லை. சமையல் நடுவே செல்போனை எடுக்கும் நமக்கு இது அடிக்கடி வரும்.

துடைக்கும் முறை முக்கியம். முந்தானையால் அழுத்தித் துடைப்பது நம் எல்லோர் பழக்கமும். சேலையில் ஒட்டியிருக்கும் மண் துகளும் ஜரிகையும் கண்ணாடியைக் கீறிவிடும். கீறல் விழுந்தால் போகாது. முதலில் ரப்பர் பந்து ஊதியால் தூசியை ஊதித் தள்ளுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகு மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டமாகத் துடையுங்கள். பெட்ரோல், தின்னர், சோப்புத் தூள் எதுவும் வேண்டாம்.

வானத்தில் சாம்பல் நிறக் கறை

எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில், வானம், சுவர் போன்ற வெளிறிய பகுதியில் மங்கலான கறை தெரிந்தால், சென்சார் மேல் தூசி உட்கார்ந்திருக்கிறது. லென்ஸைக் கழற்றி மாட்டும் பெரிய கேமராக்களில்தான் இது அதிகம். லென்ஸ் மாற்றும்போது தூசி உள்ளே போய்விடுகிறது. 2003-ல் வந்த ஒலிம்பஸ் இ-1 கேமராவில் தூசியை உதிர்க்கும் அதிர்வு வசதி வைத்தார்கள். இப்போது பல கேமராக்களின் மெனுவில் சென்சாரைச் சுத்தம் செய்யும் வசதி உண்டு. அதைப் போட்டுப் பாருங்கள். போகாவிட்டால் பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள். பஞ்சுக் குச்சியை உள்ளே விடும் வேலை மட்டும் வேண்டாம். சிறிய கேமராவையும் செல்போனையும் வீட்டில் திறக்கவே கூடாது. லென்ஸ் மாற்ற வேண்டியிருந்தால் காற்றடிக்காத இடத்தில், கேமராவின் வாயைக் கீழ்ப்பக்கமாகப் பிடித்து மாற்றுங்கள்.

இருட்டுப் படத்தில் மின்னும் பொட்டு

1 கோடிக்கு மேல் இருக்கும் சென்சார் புள்ளிகளில் சில, ஒளி விழாமலே விழுந்ததாகக் கணக்குச் சொல்லும். கேமரா சூடாகும்போதும் இரவில் நீண்ட நேரம் ஒளி வாங்கும்போதும் இது கூடும். நாலைந்து பொட்டு இருந்தால் கவலை வேண்டாம். சில கேமராக்களின் மெனுவில் இதைச் சரி செய்யும் வசதி இருக்கிறது. ஆனால் ஒன்று: மேடை நிகழ்ச்சிகளில் சுற்றும் லேசர் ஒளி நேராக லென்ஸுக்குள் விழுந்தால் சென்சார் கருகிவிடக் கூடும். அந்த மாதிரி இடத்தில் லென்ஸைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் வரும் பூஞ்சை

ஊறுகாயில் பூஞ்சை படர்வது போல லென்ஸுக்குள்ளும் படரும். சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல் தெரியும். படம் வெளிறிப் போகும். ஈரத் துணியோடு பீரோவில் பூட்டி வைப்பதும், தோல் உறையிலேயே மாதக் கணக்கில் விடுவதும்தான் இதற்குக் காரணம். காற்றுப் புகாத டப்பாவில், செருப்பு, பை வாங்கும்போது கூட வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு வையுங்கள். பொட்டலங்களை அவ்வப்போது மாற்றுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரிசிப் பானைக்குள் வைக்காதீர்கள், தவிட்டுத் தூசி உள்ளே போகும். வாரம் ஒரு முறையாவது கேமராவை வெளியே எடுத்துப் பயன்படுத்துவதே நல்ல மருந்து.

ஏசி மண்டபத்திலிருந்து வெளியே வந்தவுடன் லென்ஸில் ஆவி படியும். அது பூஞ்சை அல்ல. சிறிது நேரம் பொறுத்தால் தானே மறையும்.

அலட்சியம் செய்யக் கூடாத வெள்ளைப் புள்ளி

இதுவரை சொன்ன எல்லாம் கேமரா பற்றியது. இனிச் சொல்வது குழந்தை பற்றியது. கவனமாகப் படியுங்கள்.

பிளாஷ் போட்டு எடுத்தால் கண்ணின் நடுவில், கருவிழிக்குள் இருக்கும் பாப்பா சிவப்பாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணின் பின்சுவரில் இரத்த ஓட்டம் இருப்பதால் ஒளி சிவப்பாகத் திரும்புகிறது. இது இயல்பானது.

ஆனால் குழந்தையின் ஒரு கண் சிவப்பாகவும் மற்றொரு கண் வெள்ளையாகவும், அல்லது வெளிர் மஞ்சளாகவும் மின்னினால் அதைச் சும்மா விடக் கூடாது. இரண்டு கண்ணும் வெள்ளையாக மின்னினாலும் அப்படித்தான். "பூனைக் கண்ணு மாதிரி மின்னுது, அழகா இருக்கு" என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கண்ணின் பின்சுவரில் வளரும் ஒரு வகைப் புற்றுநோய்க்கு அது அடையாளமாக இருக்கலாம். டாக்டர்கள் இதை ரெட்டினோபிளாஸ்டோமா என்பார்கள். பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வரும் நோய் இது. பிறவிக் கண்புரையாலும் வேறு சில கண் நோய்களாலும் இந்த வெள்ளை மின்னல் வரலாம்.

எல்லா வெள்ளை மின்னலும் நோய் அல்ல. குழந்தை நேராகப் பார்க்காமல் சற்றுப் பக்கவாட்டில் பார்க்கும்போது, கண் நரம்பு தொடங்கும் இடத்தில் ஒளி பட்டும் வெள்ளையாகத் தெரியும். அது ஆபத்தில்லாதது. ஆனால் எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று முடிவு செய்ய வேண்டியவர் கண் டாக்டர். நாமும் பக்கத்து வீட்டுக்காரரும் முடிவு செய்யக் கூடாது.

சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரைக் காப்பாற்றலாம். பல குழந்தைகளுக்குக் கண்ணையும் பார்வையையும் கூடக் காப்பாற்றலாம். தாமதமானால் கண்ணையே எடுக்க வேண்டி வரும். நோய் கண்ணைத் தாண்டிப் பரவினால் உயிருக்கே ஆபத்து. குழந்தைக்கு வலி இருக்காது, அழாது, ஓடி விளையாடும். அதனால்தான் பெற்றோருக்குத் தெரிவதில்லை.

அமெரிக்காவில் பேலர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரையன் ஷா, தன் மகனுக்கு இந்த நோய் வந்த பிறகு பழைய குடும்பப் போட்டோக்களை எடுத்துப் பார்த்தார். நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு மாதக் கணக்கில் முன்பே படங்களில் வெள்ளைப் புள்ளி இருந்தது. பிறகு அவர் குழுவினர் 40 குழந்தைகளின் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட போட்டோக்களை ஆராய்ந்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். கண் நோய் இருந்த குழந்தைகளில் 80 சதவீதம் பேருக்கு, டாக்டர் கண்டுபிடிப்பதற்குச் சராசரியாக ஒரு வருடத்துக்கும் முன்பே போட்டோவில் அடையாளம் இருந்திருக்கிறது. நம் வீட்டு செல்போனில் இருக்கும் படமும் இப்படி ஒரு செய்தி சொல்லக்கூடும் அல்லவா?

என்ன செய்ய வேண்டும்?
• அந்தப் படத்தை அழிக்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.
• பழைய படங்களிலும் அதே கண்ணில் அப்படி இருக்கிறதா பாருங்கள்.
• மாறுகண் இருந்தாலும், நேரில் பார்க்கும்போதே கண் பாப்பா வெள்ளையாகத் தெரிந்தாலும் தாமதிக்க வேண்டாம்.
• அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்கு அதே வாரத்தில் போங்கள். சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்களிலும் குழந்தைகளுக்கான கண் சிகிச்சை இருக்கிறது.
• அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் குழந்தைகளைப் பரிசோதிக்க வரும் மருத்துவக் குழுவிடமும் சொல்லுங்கள். ஆனால் அவர்கள் வரும் வரை காத்திருக்காதீர்கள்.
• கண்ணில் தாய்ப்பால், மூலிகைச் சாறு, எண்ணெய் எதுவும் விடாதீர்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். பல செல்போன்கள் கண்ணில் விழும் ஒளியைத் தானே திருத்திவிடும். ஆகவே படத்தில் வெள்ளை தெரியவில்லை என்பதால் கண்ணில் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

குழுவாகப் போட்டோ தொழில் செய்பவர்களுக்கு

விழாவுக்குக் கிளம்பும் முன் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பாருங்கள். லென்ஸ் துணி, ஊதி, மாற்று மெமரி கார்டு பையில் இருக்கட்டும். கேமராவை யார் எடுத்துப் போனார், எந்த நிலையில் திருப்பித் தந்தார் என்று நோட்டில் எழுதுங்கள். வீண் சண்டை வராது.

விற்பனைப் பொருள் படத்தில் சிறு புள்ளி இருந்தால் கணினியில் அழிக்கலாம். ஆனால் கடனுக்கும் காப்பீட்டுக்கும் ஆதாரமாகக் கொடுக்கும் படத்தில் எதையும் திருத்தாதீர்கள். மாட்டின் மேல் வெள்ளை வட்டம் விழுந்திருந்தால் மறுநாள் பகலில் மறுபடி எடுங்கள். திருத்திய படம் என்று சந்தேகம் வந்தால் நம் குழுவின் பெயர் கெடும்.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது மேலே சொன்ன ஐந்து சோதனைப் படங்களையும் கடையில் காட்டுங்கள். "உள்ளே சென்சார் மேல தூசி, லென்ஸ் நல்லாத்தான் இருக்கு" என்று நாமே சொன்னால் தேவையில்லாத செலவை நம் தலையில் கட்ட முடியாது. எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

சகோதரிகளே, அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு முடிந்ததும் 10 நிமிடம் ஒதுக்குங்கள். இரண்டு செல்போனை வைத்து இந்தச் சோதனைகளை எல்லோரும் சேர்ந்து செய்து பாருங்கள். அப்படியே, கைக்குழந்தை வைத்திருக்கும் உறுப்பினர்களின் படங்களையும் ஒருமுறை கூர்ந்து பாருங்கள். வட்டத்தைக் கண்டால் லென்ஸைத் துடைப்போம். குழந்தையின் கண்ணில் வெள்ளையைக் கண்டால் டாக்டரிடம் ஓடுவோம். இதை நம் பஞ்சாயத்தில் ஒவ்வொரு தாயும் தெரிந்துகொள்ளச் செய்வோம்.